கவுண்ட் இறங்கும் நாட்களில்தான் பாதி வைத்தியம்

குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஆறு வயது. காய்ச்சல் என்று இங்கே காட்டினோம். பிளேட்லெட் 28 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் டெங்கு என்றார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். பத்து நாள் ஆகியும் பிளேட்லெட் ஏறவில்லை. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது, முகம் வெளுத்துவிட்டது. சென்னைக்கு அனுப்பினார்கள். மேரோ டெஸ்ட் எடுத்து ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கும் ரத்தப் புற்றுநோய்தான். அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வருகிறான். இவளை மட்டும் ஏறக்குறைய ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வது ஏன்? டெங்கு என்று கழிந்த பத்து நாளில் நோய் முற்றிவிட்டதா? அக்காவும் மாமாவும் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அதனால்தான் வந்தது என்று அக்காவின் மாமியார் ஓயாமல் சொல்கிறார். நான் ரத்தமும் கொடுக்கத் தயார், மஜ்ஜையும் கொடுக்கத் தயார். டாக்டரோ, ‘சொந்தக்காரர்கள் இப்போது ரத்தம் கொடுக்க வேண்டாம், வெளி ஆட்களைக் கூட்டி வாருங்கள்’ என்கிறார். ஒன்றும் புரியவில்லை. குழந்தை பிழைப்பாளா டாக்டர்?

ஒரு தாய்மாமன், கரூர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடிதம் எழுதியதே அதற்காகத்தான். பிழைக்க வாய்ப்பு உண்டு. பெயருக்குச் சொல்கிற வாய்ப்பு இல்லை இது. வசதி நிறைந்த நாடுகளில் ஏ.எம்.எல். வந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை. மருந்து வேறாக இருப்பதால் வந்த வித்தியாசம் இல்லை அது. அங்கே கொடுக்கும் முக்கியமான மருந்துகள்தான் இங்கேயும். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவே கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கிக் கிடக்கும் வாரங்களில் கிருமியிடமும் ரத்தக்கசிவிடமும் குழந்தைகளை இழக்கிறோம். பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களையும் இழக்கிறோம். இந்த இரண்டிலும் குடும்பத்தின் கை நேரடியாக இருக்கிறது. அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘ரத்தப் புற்றுநோய்’ என்றதும் நம் ஆட்களுக்குப் பழைய சினிமாவின் கடைசி ரீல்தான் நினைவுக்கு வருகிறது. கைக்குட்டையில் ரத்தம், பின்னணியில் சோகப் பாட்டு. அந்த ரீலைக் கழற்றி வைத்துவிடுங்கள். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் கடும் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்தென்று ஒன்றுமில்லை. அந்த மருந்து வந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அடங்கிய நோய் சில மாதங்களில் திரும்பியது. ஆனாலும் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பேச்சு அந்த ஆண்டோடு முடிந்தது.

உங்கள் தெருப் பையனுக்கு வந்தது அநேகமாக ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் நான்கில் மூன்று பங்கு அந்த வகைதான். ஏ.எம்.எல். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டும் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற நோய்கள். மஜ்ஜையில் வேறு வேறு அணு வரிசைகளில் பிறப்பவை. மஜ்ஜையை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றும் அங்கே முளைத்து வளர்ந்து ரத்தத்துக்குப் போக வேண்டும். ஏ.எம்.எல்.லில், முதிராத ‘பிளாஸ்ட்’ அணுக்கள் களையாக மண்டிப் பயிருக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. மஜ்ஜையில் அவை 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் நோய் உறுதி. சிவப்பணு குறைந்ததால் முகம் வெளுத்தது. தட்டணு குறைந்ததால் ஈறில் கசிந்தது. உருப்படியான வெள்ளணு இல்லாததால் காய்ச்சல் விடவில்லை. சில குழந்தைகளுக்கு ஈறே தடித்துப் பல்லை மூடும். சிலருக்குக் கண்விழி ஒரு பக்கம் பிதுங்கி வரும், வீட்டில் கண் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள்.

ஏ.எல்.எல். மருந்துகளுக்கு எளிதில் மசியும் நோய். முதல் சில மாதங்கள் கடினமாக இருக்கும், பிறகு இரண்டு மூன்று வருடம் பெரும்பாலும் மாத்திரைகளோடு ஓடிவிடும். ஏ.எம்.எல். அப்படி மசியாது. அதற்குக் குறுகிய காலத்தில், பலமாக, அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். சைட்டரபின், டானோரூபிசின் இரண்டும்தான் அரை நூற்றாண்டாக இதன் அடித்தளம். சில இடங்களில் எட்டோபோசைடும் சேர்ப்பார்கள். சைட்டரபினின் மூலக்கதை கரீபியக் கடலின் கடற்பஞ்சு ஒன்றில் தொடங்குகிறது. டானோரூபிசின் இத்தாலிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி தந்தது. அதன் நிறம் சிவப்பு. ஏறிய பிறகு சிறுநீரும் ஓரிரு நாள் சிவந்து போகும். அதை ரத்தம் என்று நினைத்து அக்கா பதறக்கூடாது, முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு சுற்று மருந்து ஏறத்தாழ பத்து நாளில் முடிந்துவிடும். மருந்து களையை மட்டும் பார்த்து அறுக்காது, நல்ல நாற்றையும் சேர்த்தே அழிக்கும். அது மறுபடி முளைத்து வர மூன்று வாரம், நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பிறகு அடுத்த சுற்று. இப்படி நான்கோ ஐந்தோ. கூட்டிப் பாருங்கள், ஆறு மாதம் வந்துவிடும். மருந்து ஏறுகிற நாட்களைவிட, ஏறி முடித்த பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. அதற்காகத்தான் உங்கள் மருத்துவர் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்.

பத்து நாள் வீணானதா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் சொல்கிற முதல் கட்டம், நான்காம் கட்டம் என்ற கணக்கு இந்த நோய்க்குக் கிடையாது. கண்டுபிடிக்கும் நாளிலேயே அது உடம்பெங்கும் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். இனி எப்படிப் போகும் என்பதை முடிவு செய்பவை இரண்டு: அந்த அணுக்களின் மரபணுவில் என்ன மாற்றம் நேர்ந்திருக்கிறது, முதல் சுற்று மருந்துக்கு நோய் எவ்வளவு பணிகிறது. பத்து நாள் தாமதம் இந்த இரண்டையும் பெரிதாக மாற்றுவதில்லை. அந்த நாட்களில் மூளையில் ரத்தக்கசிவோ கடுமையான தொற்றோ வந்திருந்தால் வேறு கதை. உங்கள் குழந்தை அதைத் தாண்டிவிட்டாள். ஆகவே ‘அப்போதே வந்திருந்தால்’ என்ற பேச்சை வீட்டில் நிறுத்திவிடலாம்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று. டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானே ஏறும், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். டெங்கு கடுமையாகும்போது ரத்தத்திலுள்ள நீர் கசிந்து வெளியேறுவதால் ஹீமோகுளோபினும் பிசிவியும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கூடும். பெரிய ரத்தக்கசிவு இல்லாமல் பிள்ளை வெளுத்துப் போகாது. பிளேட்லெட்டோடு ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தால், வெள்ளணு எக்கச்சக்கமாகக் கூடியோ குறைந்தோ இருந்தால், காய்ச்சல் விட்டும் கவுண்ட் ஏறவில்லை என்றால், இயந்திரம் அச்சடித்துத் தரும் காகிதத்தோடு நிற்காமல் ரத்தத் துளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். ‘ஸ்மியர் பார்த்தீர்களா’ என்று மருத்துவரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் வெளுப்புக்கும் ஸ்டீராய்டு கொடுப்பதை நான் கண்டால் கோபப்படுவேன். ஏ.எல்.எல். ஆக இருந்தால் அது நோயைச் சில நாள் மறைத்துவைக்கும். மேரோ பரிசோதனையே குழப்பும்.

அக்காவின் மாமியாருக்கு: சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் ஏ.எம்.எல். வருவதில்லை. இந்த நோய் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அம்மா கர்ப்பத்தில் சாப்பிட்டது, போட்ட தடுப்பூசி, செல்போன் டவர் எதற்கும் இதில் பங்கில்லை. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். ஃபான்கோனி ரத்தசோகை போன்ற அரிய பரம்பரை நோய்கள் உறவுத் திருமணத்தில் சற்றுக் கூடுதலாக வரும்; அந்த நோயுள்ள குழந்தைகளுக்கு ஏ.எம்.எல். வர வாய்ப்பு அதிகம். கட்டைவிரல் அமைப்பில் குறை, வயதுக்கு மீறிய குள்ளம், தோலில் காப்பி நிறத் திட்டு இருந்தால் மருத்துவர் அதற்கென்று தனிப் பரிசோதனை செய்வார், ஏனென்றால் அவர்களுக்கு மருந்தின் அளவே வேறு. அப்படி எதுவும் இல்லையென்றால் மாமியார் பேச்சுக்கு ஆதாரமில்லை. அதே உறவுத் திருமணம் மஜ்ஜை தேடும்போது உதவிக்கு வரலாம், பிறகு சொல்கிறேன்.

இப்போது கவுண்ட் இறங்கும் வாரங்களுக்கு வருகிறேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்குக் கீழே போய்விட்டால் குழந்தையின் வாயிலும் குடலிலும் இத்தனை நாள் சாதுவாக இருந்த கிருமிகளே ரத்தத்துக்குள் புகுந்துவிடும். அறிகுறி காய்ச்சல் ஒன்றுதான் இருக்கும். சீழ் பிடிக்காது, இருமல் இருக்காது, ஏனென்றால் சீழ் உண்டாக்கவே அந்த வெள்ளணு வேண்டும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அது அவசர சிகிச்சை. கையில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு ‘காலையில் பார்ப்போம்’ என்று படுக்கிற காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நள்ளிரவு இரண்டு மணி என்றாலும் அப்படித்தான். காய்ச்சலே இல்லாமல் பிள்ளை சோர்ந்து, கைகால் ஜில்லிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அதே வேகம் வேண்டும். தசையில் ஊசி கூடாது, ஆசனவாயில் மருந்தோ தெர்மாமீட்டரோ கூடாது.

கரூருக்கும் சென்னைக்கும் இடையே ஓர் இரவு முழுக்கப் பயணம் இருக்கிறது. அதனால் சுற்றுகளுக்கு இடையே வீட்டுக்கு அனுப்பினாலும் ஊருக்குப் போக வேண்டாம் என்பேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தூரத்தில் ஒரு அறை எடுங்கள். வாடகை கனக்கும், தெரியும். பாதி ஆட்கள் சிக்கனம் பிடிக்கிற இடமும் இதுதான், சிக்கனம் பிடிக்கவே கூடாத இடமும் இதுதான். ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றால், ‘இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே இந்த ஆன்டிபயாடிக் போடவும்’ என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு சென்னைக்குக் கிளம்பலாம்.

சாப்பாட்டில் அது ஆகாது, இது ஆகாது என்று பெரிய பட்டியல் போட்டுப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. கடுமையான உணவுக் கட்டுப்பாடு தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. வீட்டில் சூடாகச் சமைத்து உடனே பரிமாறியது எதுவும் நல்லது. இட்லியை மிஞ்சிய உணவு எனக்குத் தெரியாது. வெளியே வெட்டி வைத்த பழம், ரோட்டுக் கடைச் சட்னி, காய்ச்சாத பால் மூன்றும் வேண்டாம். அதைவிட முக்கியம் கை கழுவுவது. பார்க்க வருகிற சொந்தங்களை வாசலோடு நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். அந்தக் கெட்ட பெயரைத் தாய்மாமன் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அக்காவால் முடியாது. பிரஷ் மெத்தென்றிருக்கட்டும், தினமும் பலமுறை வாய் கொப்பளிக்க வையுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் அந்தப் பக்கமே குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். இடிபாட்டுத் தூசியில் பறக்கும் பூஞ்சை இவர்கள் நுரையீரலில் குடியேறினால் விரட்டுவது பெரும்பாடு.

அடுத்தது ரத்தம். உங்கள் ரத்தத்தை ஏன் மறுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு காரணம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கிக் குழந்தையின் உடலைத் தாக்கலாம். இது அரிதானது, ஆனால் வந்தால் உயிர் தப்புவது மிக அரிது. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிர்வீச்சில் காட்டியே தருகிறார்கள். சொந்தத்தின் ரத்தமென்றால் இரட்டிப்புக் கவனம். இரண்டாவது, நாளை மஜ்ஜை மாற்று தேவைப்பட்டு உங்களில் ஒருவர் கொடையாளியானால், இன்று ஏற்றிய உங்கள் ரத்தம் குழந்தையின் உடலில் உங்களுக்கு எதிரான எதிர்ப்பை முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்கும்.

ஆகவே கொடுக்கிற வேலையை விட்டு, திரட்டுகிற வேலையை எடுங்கள். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். ஃப்ரிட்ஜிலும் வைக்க முடியாது, 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் வேன் பிடித்து இருபது பேரைக் கொண்டுவந்து இறக்கினால் பத்தொன்பது பேரின் உதவி வீணாகும். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். எஸ்.டி.பி. முறையில் இயந்திரம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடையாளிக்கே திருப்பிவிடும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். குறைந்தது 48 மணி நேர இடைவெளி விட்டால் அதே ஆள் மறுபடி தரலாம். வருவதற்கு முன் மூன்று நாள் ஆஸ்பிரின் மாத்திரை எடுத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லி அழையுங்கள், வந்து திரும்பிப் போனால் இரு தரப்புக்கும் வருத்தம். கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்களும் ரசிகர் மன்றத்துக்காரர்களும் நம் ஊரில் இதற்குச் சளைத்ததே இல்லை.

மஜ்ஜை மாற்று எல்லா ஏ.எம்.எல். குழந்தைக்கும் தேவைப்படாது. 8-க்கும் 21-க்கும் இடையே குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தாலோ, 16-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகியிருந்தாலோ கீமோவே பெரும்பாலும் போதும். எஃப்.எல்.டி.3 போன்ற சில மாற்றங்கள் இருந்தால், அல்லது முதல் சுற்றுக்குப் பிறகும், மிஞ்சிய நோயைத் தேடும் எம்.ஆர்.டி. பரிசோதனையில் நோய் தென்பட்டால், மாற்று பற்றிப் பேச்சு வரும். ‘மரபணு ரிப்போர்ட் எந்த ரகம் சொல்கிறது, முதல் சுற்று முடிவில் எம்.ஆர்.டி. எவ்வளவு’ என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வேறு எந்த ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது இவைதான்.

தேவைப்பட்டால் யார் தருவது? உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. சாதாரணக் குடும்பத்தில் பெற்றோர் பாதிதான் பொருந்துவார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, சில சமயம் மாமனோ முழுதாகப் பொருந்துவது உண்டு. மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். யாருமே பொருந்தாவிட்டால் சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடுவார்கள். இப்போது பாதி பொருத்தத்திலும் மாற்று செய்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது, இது நமக்குப் புதிய வித்தை இல்லை.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாவிட்டால் இன்றே கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடுங்கள். ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் புற்றுநோயாளிக்குக் கட்டணம் கிடையாது, கூடச் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை; ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே ‘நோய் போய்விட்டது, மேரோ சுத்தம்’ என்று ரிப்போர்ட் வரும். நகையை அடகு வைத்தவர்களுக்கு அங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். மைக்ராஸ்கோப்பில் தெரியாவிட்டாலும் நோய் மிச்சம் இருக்கிறது. நிறுத்தினால் கட்டாயம் திரும்பும். பணம் முட்டுகிறது என்றால் மருத்துவரிடமும் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் ஊருக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குப் பாஷாணம் கொடுத்துக் குணமாக்குகிறார்கள் என்று படித்தேன். அதைத்தானே நம் சித்தர்கள் சொன்னார்கள்? என் பேரனுக்கும் ஏ.எம்.எல். ஒரு வைத்தியரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: படித்தது சரிதான் ஐயா. ஏ.எம்.எல்.லில் ஏ.பி.எல். என்றொரு சிறு பிரிவு உண்டு. 15-க்கும் 17-க்கும் இடையே குரோமோசோம் மாற்றம் நேர்ந்து வருவது. அதற்கு மட்டும் ஆர்சனிக் ட்ரையாக்சைடு, நீங்கள் சொல்லும் வெள்ளைப் பாஷாணம், அற்புதமாக வேலை செய்கிறது. சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் நாட்டு மருந்திலிருந்து இதை எடுத்து ஊசியாக்கினார்கள். ஷாங்காயில் வாங் ஷென்யி 1985-இல், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின் ஏ-யின் உறவான ‘ஆட்ரா’ என்ற மருந்தைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். இன்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வேலூர் சி.எம்.சி.யில் ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து 72 பேருக்குச் செய்த வைத்தியத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் நோய் முழுதாக அடங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் உங்கள் பேரனுக்கு ஏ.பி.எல். இருந்திருந்தால் அவன் மருத்துவரே இந்நேரம் ஆர்சனிக்கை ஆரம்பித்திருப்பார். ஏ.பி.எல்.லில் முதல் சில நாட்களின் ரத்தக்கசிவு உயிரைப் பறித்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தவுடனேயே, ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திராமல், ஆட்ராவைத் தொடங்குவது வழக்கம். மற்ற வகை ஏ.எம்.எல்.லுக்கு ஆர்சனிக்கால் பயனில்லை, விஷம் மட்டும் மிஞ்சும். மில்லிகிராம் கணக்கில், தினமும் உப்புச் சத்து பார்த்து, அடிக்கடி ஈ.சி.ஜி. எடுத்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. இதயத் துடிப்பைத் தடம்புரட்டக் கூடியது. சித்தர்கள் மேல் எனக்கு மரியாதை குறைவில்லை. கீமோ நடக்கும்போது பர்பமோ செந்தூரமோ தந்தால் கல்லீரல் பழுது எதனால் வந்தது என்று எங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. வேண்டாம்.

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்தபோது வெள்ளணு மிக அதிகமாக இருந்தது, ஒன்றும் செய்யாமலே இறங்கிவிட்டது. நான்கு வயது வரை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: சொன்னபடி செய்யுங்கள் அம்மா. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறக்கும்போதே இப்படி வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். அவர்களிலும் நான்கில் ஒருவருக்குத்தான், ஏறக்குறைய, பிறகு முதல் நான்கு வருடங்களுக்குள் உண்மையான ஏ.எம்.எல். வருகிறது. அப்படியே வந்தாலும் இந்தக் குழந்தைகளின் நோய் கீமோவுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் பணிகிறது. அளவைக் குறைத்துக் கொடுத்தே பெரும்பாலோரைக் குணமாக்குகிறோம். வழக்கமான அளவில் கொடுத்தால்தான் அவர்கள் உடம்பு தாங்காது. வழியில் எந்த மருத்துவரிடம் காட்டினாலும் பிறந்தபோது எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டத் தவறாதீர்கள்.

கேள்வி: மூத்தவனுக்கு ஏ.எம்.எல். கீமோ நடக்கிறது. சின்னவளுக்கு போலியோ சொட்டு மருந்து கொடுக்க அங்கன்வாடியிலிருந்து வந்தார்கள். கொடுக்கலாமா?

திண்டுக்கல் வாசகி

பதில்: சொட்டு மருந்து வேண்டாம், ஊசியாகப் போடச் சொல்லுங்கள். சொட்டு மருந்திலுள்ளது உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி. தங்கையின் மலத்தில் பல வாரம் வெளியேறும். அண்ணனுக்கு அது ஆபத்து. மற்ற தடுப்பூசிகளை அவளுக்கு நேரத்தில் போடுங்கள், தட்டம்மை ஊசியும் சேர்த்து. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமலிருப்பதுதான் அவனுக்குக் காப்பு. அவனுக்கு, வைத்தியம் முடிந்து ஆறு மாதம் போல் ஆன பிறகு, விட்டுப்போனவற்றை மருத்துவர் சொல்லும் வரிசையில் போடலாம்.

கேள்வி: மகளுக்கு ஏ.எம்.எல். வைத்தியம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. சாதாரணச் சளி பிடித்தாலும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. எப்போது ‘குணமாகிவிட்டது’ என்று சொல்வீர்கள்?

ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். ஆகவே கடினமான பகுதியின் பெரும்பங்கை நீங்கள் கடந்துவிட்டீர்கள். ஐந்து வருடம் முடிந்ததும் நாங்கள் ‘குணம்’ என்ற வார்த்தையைத் தயங்காமல் சொல்வோம். சளிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. வெளுப்பு, காரணமில்லாத ரத்தக்கட்டு, விடாத காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒரு சிபிசி எடுத்துப் பாருங்கள்.

நோய் திரும்புமா என்பதைவிட எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று, இதயம். டானோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையில் விட்டுச்சென்ற பாதிப்பு பத்து இருபது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால் அவளுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல்கள் எத்தனை வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவள் கல்யாணமாகிக் கர்ப்பம் தரித்தால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் மாதத்திலேயே அதைக் காட்ட வேண்டியிருக்கும்.